வார்சா ஷோபான் போட்டி: எல்லாரும் ஒரே ஆளின் இசையை வாசிக்கும்போது முதல் பரிசை எப்படி முடிவு செய்கிறார்கள்?

கீழ்வானம் (கேள்வி)

வணக்கம். எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்து வீட்டில் கர்நாடக சங்கீதம், அப்புறம் எல்லாரையும் போல இளையராஜா, அவ்வளவுதான் என் கேள்வி ஞானம். 2025 அக்டோபரில் ஒரு நாள் இரவுப் பணியின்போது யூடியூபில் போலந்தின் வார்சா நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் பெயரில் நடந்த சர்வதேசப் பியானோ போட்டியின் நேரலையைத் திறந்தேன், அதற்குப் பிறகு அது முடியும் வரை விடவே முடியவில்லை. அங்கே மாலை ஐந்து மணி என்றால் நமக்கு இரவு எட்டரை, அதனால் வேலைக்கும் அது ஒத்துவந்தது.

கடைசி நாள் அக்டோபர் 20, இங்கே தீபாவளி. தெருவெல்லாம் வெடி, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிவு சொல்வார்கள் சொல்வார்கள் என்று காத்திருந்து, அங்கே நள்ளிரவு எப்போதோ தாண்டி, இங்கே விடியும் நேரத்தில்தான் அறிவித்தார்கள். அமெரிக்காவின் எரிக் லூவுக்கு முதல் பரிசு, கனடாவின் கெவின் சென்னுக்கு இரண்டாவது, சீனாவின் ஸிதோங் வாங்குக்கு மூன்றாவது.

என் சந்தேகம் இதுதான். வாசிப்பதெல்லாம் ஷோபான் மட்டும். ஸ்வரமெல்லாம் தாளில் எழுதி வைத்திருக்கிறது, ஒரு ஸ்வரம்கூட மாற்றக் கூடாது. நம்மூர்க் கச்சேரி என்றால் ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடினாலும் நிரவல், கற்பனை ஸ்வரம் என்று அவரவர் கைவரிசையைக் காட்ட இடம் இருக்கிறது. இங்கே அது கிடையாது. இறுதிச் சுற்றில், இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் அந்த இ மைனர் கான்செர்ட்டோவை ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்துக்கொண்டே இருந்தார்கள், எனக்கு எல்லாமே பிரமாதமாகத்தான் கேட்டது. தப்பு வந்த இடம் என்று எனக்குத் தெரிந்ததே இரண்டோ மூன்றோ. அப்படியானால் நடுவர்கள் எதைக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள்? நியாயமாகத்தான் நடக்கிறதா?

இன்னொன்று, மூன்றாம் சுற்றில் மசுர்கா என்று சின்னச் சின்னதாக வரிசையாக வாசித்தார்கள், உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பகுதி பிடிபடவே இல்லை. அரங்கத்தில் இருந்தவர்களோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும்.

சுருதிப்பெட்டி

சென்னையில் இருபது வருடமாகக் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வியை என் மாணவர்களின் பெற்றோரும் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் பார்த்தது மலையின் உச்சியை மட்டும். 2025 போட்டிக்கு 642 பேர் விண்ணப்பித்தார்கள். 16 வயது முதல் 30 வயது வரை உள்ளவர்கள்தான் போட்டியிடலாம். காணொளிப் பதிவுகளைப் பார்த்துச் சலித்தெடுத்து, தேர்வானவர்களை வசந்த காலத்தில் வார்சாவுக்கு வரவழைத்து முன்சுற்று வைத்து, அதிலும் மிஞ்சியவர்களையும், வேறு பெரிய போட்டிகளில் பரிசு வாங்கியதால் முன்சுற்றிலிருந்து விலக்குப் பெற்றவர்களையும்தான் அக்டோபரில் மேடை ஏற்றினார்கள். 84 பேர் வாசித்தார்கள். இரண்டாம் சுற்றுக்கு 40, மூன்றாவதுக்கு 20, இறுதிக்கு 11. ஆகவே நீங்கள் இறுதிச் சுற்றில் கேட்ட எல்லாரும் பிரமாதமாக வாசித்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த உயரத்தில் ஒரு ஸ்வரம் தவறியதா என்பது பெரிய விஷயமே இல்லை. தவறாமல் வாசித்து முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம்.

வாசிப்பது ஷோபான் மட்டும் என்பது உண்மை, ஆனால் ஒரே பாட்டு அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறு வகைப் பியானோப் படைப்புகள். முதல் சுற்றில் எத்யூட், நாக்டர்ன், வால்ட்ஸ், பலாட் போன்றவை. எத்யூட் என்றால் பயிற்சிப் பாடம், ஆனால் கச்சேரியில் வைக்கும் அளவுக்கு அழகான பாடம். ஓபஸ் 10இல் (ஓபஸ் என்பது படைப்புகளுக்குப் போடும் வரிசை எண்) இரண்டாவது எத்யூட் ஒன்று இருக்கிறது, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் ஓயாமல் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி இறங்க வேண்டும், அதே கையின் மற்ற இரண்டு விரலும் வேறு வேலை பார்க்க வேண்டும். பலவீனமான விரல்களுக்கே அந்தச் சோதனை, அதுவும் சத்தம் போடாமல் பட்டுப்போல வர வேண்டும். இரண்டாம் சுற்றில் பிரெலூடுகளும் பொலொனேஸும், மூன்றாவதில் ஒரு சொனாட்டாவும் மசுர்கா வரிசை ஒன்றும், இறுதியில் இசைக்குழுவுடன் கான்செர்ட்டோ. 2025இல் புதிதாக, இறுதிச் சுற்றில் கான்செர்ட்டோவுக்கு முன்னால் பொலொனேஸ் ஃபான்டசி ஓபஸ் 61ஐயும் எல்லாரும் தனியாக வாசிக்க வேண்டும் என்று வைத்தார்கள். அது ஷோபானின் கடைசிக் காலத்துப் படைப்பு, தானே யோசித்துக்கொண்டு நடப்பதுபோல நின்று நின்று போகும். விரல் வேகம் மட்டும் வைத்திருப்பவர்களை அந்த ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

சரி, நடுவர்கள் எதைக் கேட்கிறார்கள்? ஐந்து விரலும் ஒரே நேரத்தில் ஐந்து கட்டைகளை அழுத்தும்போது, அதில் ஒரு விரலின் ஒலி மட்டும் பாட்டாக மேலே வர வேண்டும், மற்ற நான்கும் அதற்குக் கீழே தம்பூரா மாதிரி நிற்க வேண்டும். ஆனால் கை ஒன்றுதான். இது எத்தனை சுத்தமாக வருகிறது என்று கேட்பார்கள். ஒலியை நீட்டிப் பிடிக்கும் கால் பெடலை எந்த நொடியில் எடுக்கிறார் என்று கேட்பார்கள், அரை நொடி தாமதித்தாலும் இரண்டு ஸ்வரக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மூச்சு இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்புறம் ரொம்ப முக்கியமாக, ரூபாட்டோ. இதை உங்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். மிருதங்கம் தாளத்தைக் கட்டிப் பிடித்திருக்க, பாடகர் ஒரு சொல்லைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு எடுத்து, அடுத்த சமத்துக்குள் சரியாக வந்து சேர்வார் இல்லையா, அதுதான். இங்கே மிருதங்கம் இடக்கை, பாடகர் வலக்கை, இரண்டும் ஒரே ஆளுக்கு. ஷோபான் தன் மாணவர்களிடம் இடக்கை தாளம் தவறக் கூடாது என்று வற்புறுத்தியதாக அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் கொஞ்சம் கூடினால் அலட்டல், கொஞ்சம் குறைந்தால் இயந்திரம். ஸ்வரம் எல்லாம் எழுதியிருக்கிறது என்கிறீர்கள், உண்மைதான், ஆனால் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருப்பதை யாராலும் எழுத முடியாது.

மசுர்காவுக்கு வருகிறேன். அது போலந்து கிராமத்து நடனம், மூன்று எண்ணிக்கைத் தாளம். ஆனால் அழுத்தம் முதல் எண்ணில் விழாமல் இரண்டிலோ மூன்றிலோ விழும், அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. சார்லஸ் ஹாலே என்ற பியானோக் கலைஞர் ஷோபானிடமே போய், நீங்கள் மூன்றுக்குப் பதில் நான்கு எண்ணிக்கை வாசிக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறார். ஷோபான் மறுத்தார். உடனே ஹாலே அவரை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் காட்டினாராம், சரியாகப் பொருந்தியதாம். ஷோபான் சிரித்துவிட்டு, இது அந்த நடனத்தின் இயல்பு என்றாராம். முதல் எண்ணை அவர் அத்தனை நீட்டி நிறுத்தியிருக்கிறார், ஆனால் கேட்பவருக்கு அது மூன்றாகத்தான் பட்டிருக்கிறது. இதைத் தாளில் எழுத வழியே இல்லை. அதனால்தான் 1927 முதல் போட்டியிலிருந்தே மசுர்காவுக்கென்று போலந்து வானொலி தனிப் பரிசு தருகிறது, அதனால்தான் அரங்கத்தில் இருப்பவர்கள் அப்படிக் கேட்கிறார்கள். ஓபஸ் 17 நான்காவது மசுர்காவிலிருந்து தொடங்குங்கள். தொடங்கும்போதே எங்கே நிற்கிறோம் என்று தெரியாத ஒரு ஒலியில் தொடங்கும், முடியும்போதும் அதே இடத்தில், ஆதார சுருதிக்குத் திரும்பாமலேயே கரைந்துவிடும். மூன்று தடவையாவது கேளுங்கள்.

விஸ்துலாக்கரை

வார்சாவில் ஆறு வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறேன், ஊர் திண்டுக்கல் பக்கம். அக்கா சொன்னதற்குமேல் இசையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. அரங்கத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

டிக்கெட் கிடைப்பது மிகவும் கஷ்டம், விற்பனைக்கு வந்தவுடன் தீர்ந்துவிடும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரால் போக முடியாமல் போக, அவருடைய முதல் சுற்று டிக்கெட் எனக்கு வந்தது. பில்ஹார்மோனிக் அரங்கம், காலை அமர்வு. என் பக்கத்தில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா மடியில் இசைத்தாள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் வாசிக்கும்போதும் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வந்தார். நம்மூர் மார்கழிக் கச்சேரியில் முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் மாமிகளைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு.

நேரலையில் சரியாகத் தெரியாத ஒரு விஷயம், பியானோவை மாற்றுவது. ஸ்டெய்ன்வே, யமஹா, கவாய், ஃபாசியோலி, பெக்ஸ்டெய்ன் என்று நிறுவனங்கள் தங்கள் பியானோக்களைக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. போட்டிக்கு முன்பு ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் தருகிறார்கள், அதற்குள் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயலின்காரர் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், பியானோக்காரர் அந்த ஊரில் இருப்பதோடுதான் ஒத்துப்போக வேண்டும். 15 நிமிடத்தில் எடுத்த முடிவை வைத்துக்கொண்டு வாழ்க்கையின் மிகப் பெரிய கச்சேரியை வாசிப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் வேறு பியானோவைத் தேர்ந்திருந்தால் இதைத் தள்ளிக்கொண்டு போய் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். 2021இல் வென்ற புரூஸ் லியூ வாசித்தது ஃபாசியோலி என்ற இத்தாலியப் பியானோ, அதைச் செய்பவர்கள் ஸ்டெய்ன்வே அளவுக்குப் பழைய நிறுவனம் கிடையாது, அந்த வருடம் இங்கே அதைப் பற்றித்தான் பேச்சு.

அக்டோபர் 17 அன்று போட்டி கிடையாது. 1849இல் ஷோபான் பாரீசில் இறந்த நாள் அது. அன்றைக்கு இங்கே திருச்சிலுவைத் தேவாலயத்தில், இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசையான மோசார்ட்டின் ரெக்வியம் பாடுவார்கள். நான் போயிருந்தேன், உள்ளே இடம் இல்லை, பின்னால் நின்றுதான் கேட்டேன். உடல் பாரீசில் இருக்கிறது, இதயத்தை மட்டும் அவருடைய அக்கா லுத்விகா இங்கே கொண்டுவந்தார், அது அந்தத் தேவாலயத்தின் ஒரு தூணுக்குள் இருக்கிறது. இருபது வயதில், 1830இல், கச்சேரிக்காக வெளியே போனவர் ஷோபான். அந்த நவம்பரில் இங்கே ருஷ்யர்களுக்கு எதிராக எழுச்சி வெடித்தது, கடைசி வரை அவரால் திரும்பி வர முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அவருடைய இசையைத் தடை செய்தார்கள், 1940இல் வாசியன்கி பூங்காவில் இருந்த அவர் சிலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். திரும்ப நிறுவியது 1958இல்தான். நம் ஆட்கள் முள்ளிவாய்க்காலையும் யாழ்ப்பாண நூலகத்தையும் பற்றிப் பேசும்போது தொண்டை அடைப்பதுபோல இந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது ஆகிறது, நேரில் பார்த்திருக்கிறேன். டாக்ஸி ஓட்டுபவர்கூடப் போட்டியைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

நடுப்பகல்

மேலே எழுதியவர்கள் எல்லாம் அழகாகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் நியாயமாக நடக்கிறதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது.

1980இல் இவோ போகோரெலிச் என்ற யூகோஸ்லாவிய இளைஞரை இறுதிச் சுற்றுக்கு விடாமல் மூன்றாம் சுற்றோடு அனுப்பிவிட்டார்கள். நடுவர் குழுவில் இருந்த மார்த்தா ஆர்கெரிச், அவர் ஒரு மேதை என்று சொல்லிக் குழுவை விட்டே வெளியேறினார். ஆர்கெரிச் யாரோ எவரோ இல்லை, 1965இல் அதே போட்டியை வென்றவர். அதற்குப் பிறகு போகோரெலிச் உலகம் முழுவதும் பெயர் எடுத்தார். 1990இலும் 1995இலும் முதல் பரிசுக்கு யாருமே தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் உலகத்தில் ஒரு ஆள்கூடவா இல்லை? 2015இல் கொரியாவின் சோ சொங்ஜின் வென்றார், பிறகு மதிப்பெண் தாள்கள் வெளியானபோது, மற்ற நடுவர்கள் பலர் ஒன்பதும் பத்தும் போட்ட இறுதிச் சுற்று வாசிப்புக்கு ஒரே ஒரு நடுவர் பத்துக்கு ஒன்று போட்டிருந்தது தெரிந்தது. எல்லாருமே ஒரே அறையில் ஒரே பியானோவைத்தான் கேட்டார்கள்.

அப்புறம் ஆசிரியர் மாணவர் விவகாரம். நடுவர்களில் பலர் பெரிய ஆசிரியர்கள், அவர்களுடைய மாணவர்கள் போட்டியில் இருக்கிறார்கள். தன் மாணவருக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று விதி இருக்கிறது, சரி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக நடுவருக்கு அது யாருடைய மாணவர் என்று தெரியுமே.

என் பெரிய வருத்தம் இது எதுவும் இல்லை. பதினேழு பேர் சேர்ந்து மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கும்போது, யாருக்கும் பெரிதாகப் பிடிக்காமல் யாருக்கும் வெறுப்பும் வராமல் வாசிப்பவர் மேலே வந்துவிடலாம். பாதிப் பேரைக் கொள்ளைகொண்டு பாதிப் பேரைக் கோபப்படுத்துகிறவர் கீழே போய்விடலாம். இசையில் நமக்கு வேண்டியவர் இரண்டாமவர்தானே? மதுரை மணி ஐயரையும் செம்மங்குடியையும் ஒரே மேடையில் உட்கார வைத்து 25க்கு எத்தனை என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மருதநிலம்

நடுப்பகல் சொல்வதில் பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 1980ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம் எல்லாரும் போகோரெலிச்சோடு நிறுத்திவிடுகிறார்கள், அந்த வருடம் வென்றவரை மறந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வென்றவர் வியட்நாமின் டாங் தாய் சொன். 1958இல் ஹனோயில் பிறந்தவர். அந்தப் போட்டியை வென்ற முதல் ஆசியர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அமெரிக்கக் குண்டுவீச்சுக்குப் பயந்து ஹனோய் இசைப்பள்ளியையே கிராமத்துக்கு மாற்றினார்கள், பியானோவை எருமை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய அம்மா தாய் தி லியென் அந்தப் பள்ளியின் பியானோ ஆசிரியை. 1970இல் அந்த அம்மாவை வார்சா போட்டிக்கு விருந்தினராக அழைத்திருக்கிறார்கள். போய்விட்டுத் திரும்பும்போது ஷோபானின் இசைத்தாள்களையும் ஒலிப்பதிவுகளையும் கொண்டுவந்தார், அதைக் கேட்டுத்தான் பையனுக்கு ஷோபான் மீது பைத்தியம் பிடித்தது. பத்து வருடம் கழித்து அதே ஊரில், அதே போட்டியில், முதல் பரிசோடு மசுர்கா, பொலொனேஸ், கான்செர்ட்டோ மூன்றுக்குமான தனிப் பரிசுகளையும் வாங்கினார்.

போட்டி என்று ஒன்று இல்லாவிட்டால், போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் வளர்ந்த ஒரு பையனை ஐரோப்பாவில் யார் கூப்பிட்டு மேடை தந்திருப்பார்கள்? அறிமுகம் இல்லை, பணம் இல்லை, பெரிய இடத்துச் சிபாரிசு இல்லை. மற்ற பிள்ளைகளுக்குத் திறந்த கதவு அவருக்கும் திறந்தது, அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் எத்தனை பெரிது.

இன்னொன்றும் பாருங்கள், ஷோபானின் இரண்டு கான்செர்ட்டோக்களில் இறுதிச் சுற்றில் வழக்கமாகப் பெரும்பாலானோர் எடுப்பது இ மைனர் கான்செர்ட்டோ. 1980இல் டாங் தாய் சொன் எடுத்தது மற்றதை, எஃப் மைனரை. 2025இல் வென்ற எரிக் லூவும் எஃப் மைனர்தான். எரிக் லூ அவரிடம் பாடம் கேட்டவர். 2021இல் வென்ற புரூஸ் லியூவும் அவர் மாணவர்தான். இதை நடுப்பகல் சந்தேகமாகப் பார்க்கலாம், நான் குரு பரம்பரையாகப் பார்க்கிறேன். எரிக் லூ 2015இலேயே 17 வயதில் இதே போட்டியில் நான்காம் இடம் பெற்றவர், 2018இல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியை வென்றவர். பெயரும் கச்சேரிகளும் கிடைத்த பிறகு, எல்லாவற்றையும் பணயம் வைத்து மறுபடி முதல் சுற்றிலிருந்து வந்து உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

சுருதிப்பெட்டி

நடுப்பகல் எழுப்பிய சராசரிக் கேள்வி சரியான கேள்வி, நடத்துகிறவர்களும் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு நடுவரின் மதிப்பெண் மற்றவர்களின் சராசரியிலிருந்து அளவுக்கு மீறி விலகினால் அதைச் சரிசெய்யும் விதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பத்துக்கு ஒன்று போன்றது முடிவையே புரட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் இப்படி ஒரு ஏற்பாடு. 2025இல் முந்தைய சுற்றுகளின் மதிப்பெண்களையும் இறுதிக் கணக்கில் சேர்த்தார்கள், ஒரு நாள் கான்செர்ட்டோ நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவர் மேலே போய்விட முடியாது. முடிந்தபின் ஒவ்வொரு நடுவரும் யாருக்கு என்ன போட்டார் என்று வெளியிடுகிறார்கள். குறை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் எந்த இசைப் போட்டியில் நடுவரின் மதிப்பெண் தாளை வெளியே காட்டியிருக்கிறார்கள், சொல்லுங்கள்.

முதல் பரிசு தராத 1990இல் இரண்டாம் பரிசு பெற்றவர் அமெரிக்காவின் கெவின் கென்னர். அவர் 2025 நடுவர் குழுவில் இருந்தார். குழுத் தலைவர் கேரிக் ஓல்சன், 1970இல் வென்றவர். டாங் தாய் சொன்னும் இருந்தார், 2010இல் வென்ற யூலியானா அவ்தேயெவாவும் இருந்தார். அந்த மேடையில் வியர்த்து நடுங்கியவர்கள்தான் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள். என் மாணவி ஒருத்தி உள்ளூர்ப் போட்டியில் தோற்றுவிட்டு ஆறு மாதம் பியானோவைத் தொடவே இல்லை, அதனால் போட்டியின் கொடுமை எனக்கும் தெரியும். அப்போது அவளிடம் நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை, வாரா வாரம் வரச் சொல்லி நான் வாசித்தேன், அவள் உட்கார்ந்து கேட்டாள், ஏழாவது மாதம் அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்தப் போட்டியைத் தொடங்கிய யெஷி ஜுராவ்லெவ் என்ற பேராசிரியர் கொண்ட கவலையும் பிள்ளைகளைப் பற்றியதுதான். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஷோபானின் இசை ஆளைச் சோர்வாக்கும், பலவீனமாக்கும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். இளைஞர்களோ விளையாட்டுப் போட்டி என்றால் உயிரை விட்டார்கள். சரி, இவர்களுக்குப் போட்டிதானே பிடிக்கிறது, ஷோபானையே போட்டியாக வைப்போம் என்று தோன்றியிருக்கிறது. 1927 ஜனவரியில் 8 நாடுகளிலிருந்து 26 பேர் வந்தார்கள், சோவியத்தின் லெவ் ஒபோரின் வென்றார். அந்த 26 பேரில், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஷோஸ்டகோவிச்சும் ஒருவர், பரிசு இல்லை, ஒரு பாராட்டுச் சான்றிதழ்தான் கிடைத்தது. அவர் பின்னால் யாரானார் என்பது உலகத்துக்கே தெரியும்.

நடுப்பகல்

மதிப்பெண் வெளியிடும் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். சரிசெய்யும் விதிதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒருவர் மட்டும் எல்லாரையும்விடக் கூடுதலாகப் போட்டால் அதையும் அது கீழே இழுக்கும் அல்லவா? 1980இல் ஆர்கெரிச் கேட்டதை மற்றவர்கள் கேட்கவில்லை, அப்போது இந்த விதி இருந்திருந்தால் அவருடைய மதிப்பெண்ணைத்தான் வெட்டியிருக்கும்.

டாங் தாய் சொன்னின் அம்மா கதை எனக்குத் தெரியாது, மருதநிலத்துக்கு நன்றி. இன்று இரவு அவருடைய நாக்டர்ன் பதிவுகளைத் தேடிக் கேட்கப் போகிறேன்.

கீழ்வானம்

இத்தனை பேர் இத்தனை நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

சுருதிப்பெட்டி அக்கா சொன்ன ஓபஸ் 17 நான்காவது மசுர்காவை நான்கு பேர் வாசித்துக் கேட்டேன். முதல் தடவை எப்போதும் போலத்தான் இருந்தது. இரண்டாவது தடவை மேசையில் கையால் ஒன்று இரண்டு மூன்று என்று தட்டிக்கொண்டே கேட்டேன், ஒருவருடைய வாசிப்பில் என் கை எப்போதும் முன்னாலேயே விழுந்தது, அவர் இன்னும் வரவில்லை, ஆனால் அடுத்த ஒன்றில் எப்படியோ சரியாக வந்து சேர்ந்துவிட்டார். இன்னொருவர் என் கையோடு சரியாக வந்தார், ஆனால் அதில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. இதைத்தான் சொன்னீர்களா? அந்த முடிவும் நீங்கள் சொன்னபடிதான், முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் பாட்டு தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டி தாலாட்டை முடிக்க மாட்டார், குழந்தை தூங்கிவிட்டால் பாதி வரியில் விட்டுவிடுவார், அது நினைவுக்கு வந்தது.

நேரலையில் பார்த்த 11 பேரின் இறுதிச் சுற்றையும் மறுபடி கேட்கலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து தொடங்கட்டும்?

சுருதிப்பெட்டி

இதைத்தான் சொன்னேன். கை முன்னால் விழுந்தது, அவர் பின்னால் வந்து சேர்ந்தார், அந்த இடைவெளிக்குத்தான் அந்த மசுர்காப் பரிசு.

எரிக் லூவின் எஃப் மைனரிலிருந்து தொடங்குங்கள், அதிலும் இரண்டாம் பகுதி, லார்கெட்டோ. இரண்டாவது கான்செர்ட்டோ என்று எண் போட்டிருந்தாலும் ஷோபான் முதலில் எழுதியது இதைத்தான், எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 19. வார்சா இசைப்பள்ளியில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்த கொன்ஸ்தான்சியா என்ற பெண்ணை மனதில் வைத்து இந்தப் பகுதியை எழுதியதாக நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் தந்தி வாத்தியங்கள் எல்லாம் மெதுவாக நடுங்கத் தொடங்கும், அதன்மேல் பியானோவின் இரண்டு கையும் வேறு வேறு வேலையை விட்டுவிட்டு, ஒரே மெட்டை ஒரே நேரத்தில், ஒருவர் தனியாக நின்று பேசுவதுபோல வாசிக்கும். தாளம் அங்கே கிட்டத்தட்ட மறைந்துவிடும், நம் விருத்தம் மாதிரி. அதைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

விஸ்துலாக்கரை

அடுத்த போட்டி 2030இல். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளில் நான் கணினி முன் உட்கார்ந்துவிடுகிறேன். அக்டோபரில் இங்கே குளிர் தொடங்கிவிடும், ஸ்வெட்டர் மட்டும் போதாது.